வேலையில் இருந்தபடியே எம்.டெக். படிப்பதா, விட்டுவிட்டு உதவித்தொகையில் படிப்பதா?

கேட்டவர் ஓசூர்க்காரர். அவர் எழுதியதன் சுருக்கம் இது: “பி.இ. இ.சி.இ. முடித்தேன். பெங்களூர் எலக்ட்ரானிக் சிட்டியில் ஒரு சிப் கம்பெனியில் வெரிஃபிகேஷன் (டிசைன் சரியாக இருக்கிறதா என்று சோதிக்கும்) வேலை. நாலு வருடம் நாலு மாதம் ஆகிறது. டிசைன் பக்கம் போக ஆசை, எம்.டெக். இருந்தால்தான் நடக்கும் என்கிறார்கள். படித்த கடனில் இன்னும் 2 லட்சம் பாக்கி. அப்பா ரிட்டையர் ஆகிவிட்டார், இனிமேல் புதுக்கடன் வேண்டாம். வேலையை விட்டு, எம்.டெக். சேர்க்கைக்கான கேட் தேர்வு எழுதி ஸ்டைபெண்டில் (மாத உதவித்தொகையில்) படிக்கலாமா, கம்பெனியையே கேட்கலாமா, வெளிநாட்டு ஃபெல்லோஷிப்புக்கு முயலலாமா?”

நான் எங்கிருந்து பேசுகிறேன் என்று முதலில் சொல்லிவிடுகிறேன். பெங்களூருக்கு வந்து 19 வருடம். எம்.டெக். கம்பெனிக் காசில் படித்தேன். பிஎச்.டி.யை வேலையில் இருந்தபடியே முடித்தேன். இப்போது எங்கள் கம்பெனியில் யாருடைய படிப்புக்குப் பணம் தரலாம் என்று பார்க்கும் மூன்று பேரில் நானும் ஒருவன். கேட்கிற நாற்காலியிலும் கொடுக்கிற நாற்காலியிலும் உட்கார்ந்திருக்கிறேன். வருகிற எல்லோரும் எவ்வளவு பணம் கிடைக்கும் என்று கேட்கிறார்கள். எத்தனை வருடம் போகும், அந்த வருடங்களில் யாருக்குக் கட்டுப்பட்டிருப்போம் என்று கேட்பவர்கள் மிகக் குறைவு. உங்கள் மூன்று வழிகளையும் நான் இந்த இரண்டாவது கேள்வியை வைத்துத்தான் பார்க்கிறேன்.

கேட் வழியை எடுத்துக்கொள்வோம். கேட் தகுதியோடு முழுநேர எம்.டெக். சேர்ந்தால் மாதம் 12,400 ரூபாய், 24 மாதத்துக்கு. ஐ.ஐ.எஸ்சி. (பெங்களூர் இந்திய அறிவியல் கழகம்), ஐ.ஐ.டி.களில் இதற்காக வாரம் 8 மணி நேரம் லேப், டுட்டோரியல் என்று துறைக்கு வேலை செய்ய வேண்டும். மொத்தம் 2,97,600 ரூபாய் வருகிறது. இப்போது உங்கள் கைக்கு வரும் மாதச் சம்பளத்தை 24-ஆல் பெருக்கி, அதிலிருந்து இதைக் கழித்துப் பாருங்கள். அதுதான் இந்தப் படிப்பின் உண்மையான விலை. கல்லூரிக் கட்டணம் அதில் சின்னப் பகுதி. வளாகத்திலேயே ஹாஸ்டலும் மெஸ்ஸும் கிடைத்தால் 12,400-ல் ஒருவர் வாழ்ந்துவிடலாம். வெளியே பேயிங் கெஸ்ட்டாகத் தங்கினால் வாடகைக்கே பெரும்பகுதி போய்விடும். எப்படிப் பார்த்தாலும் உங்கள் கடன் தவணைக்கு அதில் இடமே இல்லை. இந்த வழியில் போவதென்றால் அந்த 2 லட்சத்தை முதலில் அடையுங்கள், இல்லாவிட்டால் இரண்டு வருடத் தவணையைத் தனியாக எடுத்து வைத்துவிட்டு ராஜினாமா கடிதம் எழுதுங்கள். கல்விக் கடனுக்குக் கட்டும் வட்டிக்கு 8 ஆண்டு வரை வரிக்கழிவு உண்டு, ஆனால் பழைய வரி முறையில் இருப்பவர்களுக்கு மட்டும்தான். நீங்கள் எந்த முறையில் இருக்கிறீர்கள் என்று ஒருமுறை பார்த்துக்கொள்ளுங்கள்.

இன்னொரு விஷயம், நாலு வருடம் நாலு மாதம் என்று எழுதியிருக்கிறீர்கள். கிராஜுவிட்டிக்கு (வேலையை விடும்போது கம்பெனி தரும் பணிக்கொடை) தொடர்ந்து 5 ஆண்டு வேலை செய்திருக்க வேண்டும். ஆண்டுக்கு 15 நாள் சம்பளம் என்ற கணக்கில் ஒரு நல்ல தொகை அது. எட்டு மாதம் பொறுத்தால் கைக்கு வருவதை அவசரப்பட்டு விட்டுவிட வேண்டாம். கேட் தேர்வு பிப்ரவரியில் நடக்கும், விண்ணப்பம் முந்தைய ஆகஸ்ட், செப்டம்பரில். மதிப்பெண் 3 ஆண்டு செல்லும். வகுப்புகள் பெரும்பாலும் ஆகஸ்டில் தொடங்கும். ஆகவே தேர்வை வேலையில் இருந்தபடியே எழுதலாம். படிப்பதற்காக வேலையை விடுவதும், படித்துத் தேர்வு எழுதுவதற்காகவே வேலையை விடுவதும் வேறு வேறு. இரண்டாவதைச் செய்துவிட்டு ஒரு வருடம் வீட்டில் உட்கார்ந்து மனம் உடைந்த பிள்ளைகளை நிறையப் பார்த்துவிட்டேன்.

முழுநேரப் படிப்பின் நல்ல பக்கத்தையும் சொல்ல வேண்டும். ஸ்டைபெண்ட் உங்களை யாருக்கும் அடிமையாக்காது. படித்து முடித்த மறுநாள் எந்தக் கம்பெனிக்கும் போகலாம். படிப்புச் செலவுக்காகத் தரப்படும் உதவித்தொகைக்கு வருமான வரியும் இல்லை. வெரிஃபிகேஷனிலிருந்து டிசைனுக்கு மாற நினைப்பவருக்கு இரண்டு வருடம் லேபிலேயே கிடந்து ஒரு சிப்பை முதலிலிருந்து கடைசிவரை செய்து பார்ப்பது பெரிய விஷயம். வார இறுதி வகுப்பு எவ்வளவு நன்றாக நடந்தாலும் அந்த அனுபவம் அதில் வராது.

பலர் கவனிக்காத ஒரு கதவு இங்கே இருக்கிறது. ஆராய்ச்சியில் உண்மையிலேயே ஈடுபாடு இருந்தால், பி.இ. முடித்தவர்களை ஐ.ஐ.எஸ்சி. நேரடியாகவே பிஎச்.டி.க்கு எடுக்கிறது. கேட் மதிப்பெண்ணும் நேர்காணலும் வேண்டும். 2023 ஜனவரியிலிருந்து ஜே.ஆர்.எஃப். (தொடக்க ஆண்டுகளின் ஆராய்ச்சி உதவித்தொகை) மாதம் 37,000, பிறகு எஸ்.ஆர்.எஃப். (அதற்கு அடுத்த நிலை) ஆனதும் 42,000. எம்.டெக். ஸ்டைபெண்டோடு ஒப்பிட்டால் கிட்டத்தட்ட மூன்று மடங்கு. பிரதமர் ஆராய்ச்சி ஃபெல்லோஷிப் இதைவிட அதிகம். 2018-ல் தொடங்கியபோதே முதல் இரண்டு ஆண்டு மாதம் 70,000, கடைசி இரண்டு ஆண்டு 80,000, அதற்கு மேல் ஆராய்ச்சிச் செலவுக்கு ஆண்டுக்கு 2 லட்சம் என்று வைத்தார்கள். அடுத்த ஐந்து ஆண்டுகளில் 10,000 பேருக்குத் தருவதாக 2025 மத்திய பட்ஜெட்டில் அறிவித்தார்கள். போட்டி கடுமைதான். பிஎச்.டி.யில் சேர்ந்த பிறகு லேட்டரல் முறையிலும் இதற்குப் போகலாம் என்பதால், சேரும்போது கிடைக்கவில்லை என்று மனம் தளர வேண்டாம். குவால்காம், டி.சி.எஸ்., கூகுள் போன்ற நிறுவனங்களும் பிஎச்.டி. மாணவர்களுக்குத் தனியாக ஃபெல்லோஷிப் தருகின்றன. ஆனால் ஒன்று, பணம் நன்றாக இருக்கிறது என்பதற்காகப் பிஎச்.டி. போகாதீர்கள். ஐந்து வருடம் ஒரே கேள்வியோடு குடும்பம் நடத்துகிற வேலை அது. உங்கள் கடிதத்தில் எந்தக் கேள்வி உங்களைத் தூங்கவிடாமல் செய்கிறது என்று ஒரு வரிகூட இல்லை. டிசைன் வேலை வேண்டும் என்றுதான் எழுதியிருக்கிறீர்கள். அதை வைத்துப் பார்த்தால் உங்களுக்கு எம்.டெக்.தான் பொருந்தும்.

சரி, கம்பெனி வழிக்கு வருவோம். உங்கள் சூழ்நிலைக்கு இதைத்தான் முதலில் தட்டிப் பார்க்க வேண்டும் என்று நினைக்கிறேன். அதனால் கொஞ்சம் விரிவாகவே எழுதுகிறேன்.

கம்பெனி ஸ்பான்சர் செய்கிறது என்ற ஒரே வார்த்தைக்குப் பின்னால் பல ஏற்பாடுகள் இருக்கின்றன. சில கம்பெனிகள் நீங்கள் கட்டிய ஃபீஸை, பாஸ் செய்த பிறகு, மதிப்பெண்ணைப் பார்த்துத் திருப்பித் தரும். முதலில் உங்கள் பணம்தான் போகும் என்பதால் கையில் சேமிப்பு வேண்டும். சில கம்பெனிகள் நேரடியாகக் கல்லூரிக்கே கட்டிவிட்டு, இத்தனை வருடம் விலக மாட்டேன், விலகினால் பணத்தைக் கட்டுவேன் என்று உங்களிடம் பாண்ட் வாங்கும். சில கம்பெனிகள் பல்கலைக்கழகத்தோடு ஒப்பந்தம் போட்டு ஒரு குழுவாகச் சேர்க்கும். பிட்ஸ் பிலானி வேலையில் இருப்பவர்களுக்கான படிப்புகளை 1979-லிருந்து நடத்துகிறது. அதில் மைக்ரோஎலக்ட்ரானிக்ஸ் எம்.டெக். இருக்கிறது. நான்கு செமஸ்டர், கடைசி செமஸ்டரில் புராஜெக்ட்டை உங்கள் ஆபீஸ் வேலையிலேயே செய்யலாம். சேருவதற்குக் கம்பெனியின் சம்மதமும் ஆபீஸிலேயே ஒரு மென்ட்டரும் வேண்டும். ஐ.ஐ.எஸ்சி.யும் கம்பெனி அனுப்பும் ஆட்களுக்கென்றே ஆன்லைன் எம்.டெக். நடத்துகிறது, அதில் எலக்ட்ரானிக்ஸும் ஒரு பிரிவு. கம்பெனி அனுப்பி வைத்தவர்களுக்கு 12,400 ஸ்டைபெண்ட் கிடையாது என்பதை மறக்காதீர்கள். அவர்கள் சம்பளத்தில் இருப்பவர்கள் என்றுதான் கணக்கு.

உங்கள் தம்பி தங்கைகள் யாராவது பி.எஸ்சி., பி.சி.ஏ. முடித்தால் அவர்களிடம் விப்ரோவின் திட்டத்தைப் பற்றிச் சொல்லுங்கள். வேலைக்கு எடுத்து, சம்பளம் போலத் தொகை கொடுத்து, கம்பெனிச் செலவிலேயே எம்.டெக். படிக்க வைக்கிறார்கள். ஒப்பந்தம் 60 மாதம். வசதி இல்லாத வீட்டுப் பிள்ளைகளுக்கு அது பெரிய கதவு. 20, 21 வயதில் ஐந்து வருடத்துக்குக் கையெழுத்துப் போடுகிறோம் என்பது புரிந்து போட வேண்டும், அவ்வளவுதான்.

இப்போது கம்பெனியைக் கேட்கும் விதம். எங்களிடம் வரும் விண்ணப்பங்களில் பெரும்பாலானவை ஒரே மாதிரி இருக்கும். “என் திறமையை வளர்த்துக்கொள்ள விரும்புகிறேன், கம்பெனிக்கும் பயன்படும்” என்று ஒரு பத்தி, கீழே ஃபீஸ் தொகை. அதை வைத்துக்கொண்டு எங்களால் மேலே பேச முடியாது. நாங்கள் உடனே சரி சொன்ன ஒரு விண்ணப்பத்தைச் சொல்கிறேன். எழுதியது உங்களைப் போல வெரிஃபிகேஷனில் இருந்த ஒரு பெண். தங்கள் பிளாக்கில் பவர் சம்பந்தமான பிழைகள் ஒவ்வொரு முறையும் கடைசிக் கட்டத்தில்தான் கண்ணில் படுகின்றன, அதனால் டிசைன் டீம் மறுபடி மறுபடி பின்னால் போக வேண்டியிருக்கிறது என்று அரைப்பக்கம் எழுதியிருந்தார். எந்த செமஸ்டரில் எந்தப் பாடம் அதற்கு உதவும், புராஜெக்ட்டை அதிலேயே செய்கிறேன், மென்ட்டராக இருக்க டிசைன் டீமில் இன்னார் ஒப்புக்கொண்டிருக்கிறார் என்பதோடு முடித்துவிட்டார். ஃபீஸ் எவ்வளவு என்று நாங்கள்தான் கேட்டுத் தெரிந்துகொண்டோம். அந்த மென்ட்டர் பெயர்தான் அவருக்கு டிசைன் டீமுக்குப் போகும் பாதையாகவும் ஆனது. எம்.டெக். முடிவதற்குள்ளேயே அங்கே மாறிவிட்டார்.

அதனால் ஹெச்.ஆரிடம் பாலிசி கேட்டுத் தொடங்காதீர்கள். பாலிசியை ஆபீஸ் தளத்தில் நீங்களே படித்துவிடலாம். முதலில் மேனேஜரிடம் பேசுங்கள், அப்புறம் டிசைன் பக்கம் ஒருவரிடம். கம்பெனியின் பட்ஜெட் ஆண்டு எந்த மாதம் தொடங்குகிறது என்று தெரிந்துகொண்டு அதற்கு இரண்டு மூன்று மாதம் முன்பே பேசுங்கள். பணம் ஒதுக்கி முடிந்த பிறகு எவ்வளவு நல்ல விண்ணப்பம் வந்தாலும் அடுத்த வருடம் பார்க்கலாம் என்றுதான் சொல்ல வேண்டியிருக்கிறது. அதைச் சொல்லும்போது எனக்கே கஷ்டமாக இருக்கும்.

பாண்ட் பற்றி எனக்கு நடந்ததைச் சொல்கிறேன். என் முதல் கம்பெனி எம்.டெக். ஃபீஸைக் கட்டியது. படிப்பு முடிந்து மூன்று வருடம் இருக்க வேண்டும் என்று கையெழுத்து வாங்கினார்கள். படிப்பு முடிந்த ஒன்றரை வருடத்தில் எங்கள் பிரிவையே மூடிவிட்டு, வேறு ஊரில் சம்பந்தமில்லாத ஒரு வேலைக்குப் போகச் சொன்னார்கள். அப்போது அம்மாவுக்கு உடம்பு சரியில்லை, போக முடியவில்லை. விலகினேன். முழுத் தொகையையும் திருப்பிக் கட்டச் சொன்னார்கள். பாதிக் காலம் வேலை செய்துவிட்டேனே என்று கேட்டபோது தாளைக் காட்டினார்கள். அதில் பாதிக் கணக்கு என்று எதுவும் இல்லை. ரிலீவிங் கடிதத்துக்காக, சேமித்து வைத்திருந்ததை எடுத்துக் கட்டினேன். என் கல்யாணத்துக்காக வைத்திருந்த பணம் அது. அந்தத் தாளைக் கையெழுத்துக்கு முன்னால் நான் இரண்டு நிமிடம்கூடப் படித்திருக்கவில்லை. அதனால்தான் இன்று எங்கள் கம்பெனி பாண்டில், மாதாமாதம் தொகை குறைந்துகொண்டே வர வேண்டும், கம்பெனியே வெளியேற்றினால் ஒரு ரூபாயும் கேட்கக் கூடாது என்ற இரண்டு வரிகளும் இருக்க வேண்டும் என்று போராடிச் சேர்த்தேன்.

“பாண்டெல்லாம் கோர்ட்டில் நிற்காது” என்று ஆபீஸ் கேன்டீனில் யாராவது சொல்வார்கள். நம்பாதீர்கள். 2025 மே 14-ல் உச்ச நீதிமன்றம் விஜயா வங்கி வழக்கில் தீர்ப்பு சொன்னது. இந்த ஊரையே தலைமையிடமாகக் கொண்டிருந்த வங்கி அது. மூன்று ஆண்டுக்கு முன் விலகினால் 2 லட்சம் கட்ட வேண்டும் என்ற நிபந்தனை செல்லும் என்று நீதிமன்றம் சொல்லிவிட்டது. அது வேலைக்குச் சேரும்போது போட்ட ஒப்பந்தம், படிப்புக்கான பாண்ட் அல்ல, அதுவும் பொதுத்துறை வங்கி. ஆனாலும் பாண்ட் என்பதே செல்லாது என்று இனி யாரும் சொல்ல முடியாது. அதே நேரம், 1872 ஒப்பந்தச் சட்டத்தின் 74-ஆம் பிரிவுப்படி, தாளில் எவ்வளவு பெரிய தொகை எழுதியிருந்தாலும் அதற்கு உட்பட்ட நியாயமான இழப்பீட்டைத்தான் கேட்க முடியும். ஆகவே ஃபீஸ் 3 லட்சமாக இருக்கும்போது பாண்டில் 10 லட்சம் என்று எழுதியிருந்தால், அது ஏன் என்று கையெழுத்துக்கு முன்பே கேளுங்கள்.

பாண்டில் வேறு என்ன பார்க்க வேண்டும்? கட்டுப்பட்ட காலம் ஃபீஸ் கட்டிய நாளிலிருந்து ஓடுகிறதா, பட்டம் வாங்கிய நாளிலிருந்தா என்பதுதான் முதலில். இரண்டு வருடப் படிப்பு, இரண்டு வருட பாண்ட் என்றால், முதல் முறையில் பட்டத்தோடு சேர்ந்து பாண்டும் முடியும். இரண்டாவது முறையில் மொத்தம் நாலு வருடம். பிரசவ விடுப்பில் இருக்கும் மாதங்கள் கணக்கில் சேருமா என்று கேளுங்கள். கேட்கக் கூச்சமாக இருந்தால் மின்னஞ்சலில் கேளுங்கள், பதிலும் எழுத்தில் இருக்கும். கம்பெனியை வேறு கம்பெனி வாங்கினால் என்ன ஆகும், ஒரு பேப்பரில் ஃபெயில் ஆனால் என்ன ஆகும் என்பதையும் கேட்டுவிடுங்கள். ஒரிஜினல் சான்றிதழ்களை மட்டும் எந்தக் காரணத்துக்காகவும் கம்பெனியிடம் கொடுத்து வைக்காதீர்கள். அப்பாவை ஜாமீன் கையெழுத்துப் போட அழைத்துவரச் சொன்னாலும் மறுத்துவிடுங்கள், ரிட்டையர் ஆனவரை இதில் இழுக்க வேண்டாம்.

வேலையோடு படிப்பதன் இன்னொரு விலை உடம்பு. அத்திப்பள்ளி தாண்டி வந்து போகும் பயணமும், எட்டு ஒன்பது மணி நேர வேலையும், சனி ஞாயிறு வகுப்பும் சேர்ந்து இரண்டு வருடம். நான் படித்த காலத்தில் சில்க் போர்டு நெரிசலில் பஸ் நிற்கும்போதுதான் பாதி நோட்ஸ் படித்தேன். டேப்-அவுட் (சிப் டிசைனை முடித்துத் தயாரிப்புக்கு அனுப்பும் நாள்) நெருங்கும் மாதமும் செமஸ்டர் தேர்வும் ஒன்றாக வந்தால் மேனேஜர் என்ன செய்வார் என்று முன்கூட்டியே பேசி வைத்துக்கொள்ளுங்கள். தேர்வு நாட்களுக்கு விடுப்பு என்று ஸ்பான்சர் கடிதத்திலேயே ஒரு வரி கேட்டு வாங்கலாம். பலர் கேட்காததால்தான் கிடைப்பதில்லை.

பிற்காலத்தில் பிஎச்.டி. ஆசை வந்தால், கம்பெனியில் இருந்தபடியே ஐ.ஐ.எஸ்சி.யில் எக்ஸ்டர்னல் ரெஜிஸ்ட்ரேஷன் முறையில் சேரலாம். உள்ளே ஒரு கைடு, உங்கள் நிறுவனத்தில் ஒரு கைடு. நான் படித்தது அப்படித்தான். அதில் ஒரே ஒரு எச்சரிக்கை: ஆய்வேடு எல்லோரும் பார்க்கக்கூடியது, கம்பெனி வேலை ரகசியமானது. எதை வெளியிடலாம் என்று முதல் வருடத்திலேயே எழுத்தில் அனுமதி வாங்காததால், என்னோடு சேர்ந்த ஒருவர் நாலு வருட வேலையைப் பாதியில் கைவிட்டார்.

இதைப் படிக்கும் இஸ்ரோ, டி.ஆர்.டி.ஓ. நண்பர்களுக்கு நிலைமை வேறு. மத்திய அரசு விடுப்பு விதிகளில் ஸ்டடி லீவ் இருக்கிறது. 5 ஆண்டு பணி முடித்தவர்களுக்கு, பணிக்காலம் முழுவதற்கும் சேர்த்துப் பொதுவாக 24 மாதம் வரை, திரும்பி வந்து 3 ஆண்டு வேலை செய்வதாக பாண்ட்.

கடைசியாக வெளிநாடு. உங்கள் துறைக்கு இது குறுகிய வழி. ஃபுல்பிரைட்-நேரு மாஸ்டர்ஸ் ஃபெல்லோஷிப்புக்கு மூன்று வருட வேலை அனுபவம் இருக்கிறது என்று சந்தோஷப்பட்டிருப்பீர்கள். ஆனால் அது பொதுச் சுகாதாரம், நகரத் திட்டமிடல், சுற்றுச்சூழல் போன்ற துறைகளுக்கானது, சிப் டிசைனுக்கு அதில் இடம் இல்லை. பிரிட்டனின் செவனிங் உதவித்தொகையில் துறைக் கட்டுப்பாடு குறைவு. இரண்டு வருட அனுபவம் வேண்டும், ஒரு வருடப் படிப்பு, முடித்ததும் நாட்டுக்குத் திரும்பி இரண்டு வருடம் இருக்க வேண்டும். ஆனால் அவர்கள் பெரிதும் தேடுவது தலைமைப் பண்பு. உங்களுக்கு அதிகம் பொருந்துவது ஐரோப்பாவின் எராஸ்மஸ் முண்டுஸ். ஃபீஸ் இல்லை, மாதம் 1,400 யூரோ, எலக்ட்ரானிக்ஸ் சார்ந்த படிப்புகளும் உண்டு. அமெரிக்காவில் எம்.எஸ்.ஸுக்குப் பெரும்பாலும் சொந்தப் பணம்தான், பிஎச்.டி.க்குத்தான் பல்கலைக்கழகமே செலவைப் பார்த்துக்கொள்ளும்.

ஜே.என். டாடா எண்டோமென்ட்டின் பெயரை யாராவது சொல்வார்கள். 1892-லிருந்து இருக்கிறது. இந்த ஊர் ஆட்டோக்காரர்கள் இன்றைக்கும் டாடா இன்ஸ்டிட்யூட் என்று சொல்லும் ஐ.ஐ.எஸ்சி.க்கு வித்திட்ட அதே டாடா தொடங்கியதுதான். மதிப்பான அமைப்பு. ஆனால் தருவது லோன் ஸ்காலர்ஷிப், திருப்பிக் கட்ட வேண்டும். புதுக்கடன் வேண்டாம் என்று சொன்னதால் உங்களுக்கு அது சரிவராது. நீங்கள் ஆதிதிராவிடர் அல்லது பழங்குடி சமூகத்தைச் சேர்ந்தவராக இருந்து குடும்ப வருமானமும் வரம்புக்குள் இருந்தால், தமிழ்நாடு அரசின் அண்ணல் அம்பேத்கர் அயலக உயர்கல்வி உதவித்தொகையை முதலில் பாருங்கள். ஆண்டுக்கு 36 லட்சம் வரை தருகிறார்கள். ஓசூரில் வீடு இருப்பது அங்கே உங்களுக்குச் சாதகம். பெங்களூரிலேயே இரண்டு தலைமுறையாக இருக்கும் அல்சூர், சிவாஜிநகர் தமிழ்ப் பிள்ளைகளுக்குச் சான்றிதழ் எந்த மாநிலத்தது என்பதிலேயே சிக்கல் வந்துவிடுகிறது.

உங்கள் இடத்தில் நான் இருந்தால் இந்த வருடம் இரண்டு வேலைகளையும் ஒரே நேரத்தில் தொடங்குவேன். ஆகஸ்டில் கேட் தேர்வுக்குப் பதிவு செய்வேன். அந்த மாதமே மேனேஜரிடம் அரைப்பக்கத்தை நீட்டுவேன். மார்ச்சில் கேட் முடிவு வரும்போது கிராஜுவிட்டிக்கான ஐந்து வருடமும் முடிந்திருக்கும் அல்லது மிக அருகில் இருக்கும், கம்பெனியும் ஏதாவது ஒரு பதிலைச் சொல்லியிருக்கும். கம்பெனி பணத்தோடு டிசைன் டீமில் இடமும் தருவதாகச் சொன்னால் அதை எடுப்பேன். பணம் மட்டும் தந்து இப்போது இருக்கும் இடத்திலேயே மூன்று வருடம் கட்டிப்போட்டால் எடுக்க மாட்டேன். அந்த நிலையில் கேட் மதிப்பெண்ணும் நன்றாக இருந்தால், கடனை அடைத்துவிட்டு ஐ.ஐ.எஸ்சி.க்குப் போய்விடுவேன். இப்போது மஞ்சள் லைன் மெட்ரோ பொம்மசந்திராவிலிருந்தே ஓடுகிறது. ஆர்.வி. ரோட்டில் பச்சை லைனுக்கு மாறினால் யஷ்வந்த்பூர் பக்கம் இறங்கலாம். அங்கே படிக்கும் பிள்ளைகளிடம் பேசிப் பார்க்க ஒரு சனிக்கிழமை போய் வாருங்கள். பாண்ட் தாள் கைக்கு வந்தால், கம்பெனி பெயரையும் உங்கள் விவரங்களையும் மறைத்துவிட்டு அதிலுள்ள வரிகளை எழுதி அனுப்புங்கள், படித்துச் சொல்கிறேன்.